நிரம்பச் சுணங்குது

முப்பத்திரண்டாம் கிழமை.
நூற்றறுபதின் கீழ் நூற்றுப்பத்து.
மிஸ் இன்னொருக்கா பட்டியைச் சுற்றினா,
முதல் எண் பொய்யாயிருக்கட்டும் என்று நானும் கையை நீட்டினேன்.
மோதிரம் கழற்றிக் கனநாள்.
செருப்பு வார் பதிந்த குழி
மத்தியானம் வரைக்கும் பாதத்தில் கிடந்தது.

போதனா வைத்தியசாலை.
இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார்கள்.
நெஞ்சில் குளிர்ந்த ஜெல்.
இதுவரை ஸ்கான் என்றால் பிள்ளை:
மூக்கு யாற்றை, கை எங்கே.
இன்றைக்குத் திரையில் நான்.
கறுப்புக்குள்ளே ஒரு வெள்ளைக் கதவு
திறக்குது, அடிக்குது,
கொளுக்கி போடாத வீட்டில்
சோளகம் புகுந்ததுபோல.

என்ரை மனுசன் பகீரதன்
சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர்.
கிறீஸ் போகாத நகங்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி
டொக்டரிடம் கேட்டார்:
"தள்ளுறதில பிழையோ, இழுக்கிறதில பிழையோ?"
அவ அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தா.
"தள்ளுறது நல்லம்.
குழாயெல்லாம் இறுகிப்போச்சு.
எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடிச்சிட்டுது.
அடிச்ச பிறகு தளர வேணும், தளர்ந்தால்தான் நிரம்பும்.
அதுதான் சுணங்குது."

அவருக்கு விளங்கிவிட்டது.
வெங்காயத் தோட்டக்காரர் கொண்டுவருகிற எந்தப் பம்பையும்
சாக்கில் வைத்துக் கழற்றி
பின்னேரத்துக்குள் பூட்டிக் கொடுக்கிறவர்.
இதைக் கழற்றேலாது என்பதும்
அதே நேரம் விளங்கியிருக்க வேண்டும்.
வோர்ட் வாசலில் ஃபிளாஸ்கைத் தந்துவிட்டு
மூடியைத் திருப்பித் திருப்பி
இறுக்கிக்கொண்டே நின்றார்.

தளர்வது.
எனக்கு யாரும் பழக்காத வேலை.
இறுக்கத் தெரியும்:
பல்லை, சட்டைத் தையலை,
சீட்டுக்காசு கட்டின ரப்பர் வளையத்தை.
அன்றிரவு முழுக்க
ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு
விடு, விடு என்று சொல்லிப் பார்த்தேன்,
மாட்டுக்குச் சொல்வதுபோல.
அது தன் பாட்டுக்கு நடந்தது.

முப்பத்துநாலில் வெட்டி எடுத்தார்கள்.
ஒன்றே முக்கால் கிலோ. கத்தினாள்.
கத்தின கத்தலில்
எல்லாரும் என்னை மறந்தார்கள். நானும்தான்.

பிறசர் இறங்கிவிட்டதென்று
மாமி என் கிளினிக் கொப்பியைப்
பழைய பேப்பரோடு கட்டி வைத்திருந்தா.
அவிழ்த்து எடுத்தேன்.
சுவரின் தடிப்பு பழைய பேப்பர் இல்லை.

பிள்ளைக்கு இப்ப மூன்று வயது.
வருசத்துக்கு ஒருக்கா
கே.கே.எஸ். வீதியால் மினிபஸ்ஸில் வருகிறேன்,
அவள் மடியில் நித்திரை.
துண்டு எழுதுகிற பெடியன்
குனிந்தபடியே கேட்டான்:
"பிள்ளையின்ர பேர்?"
"யசோதினி."
"வயது?"
"முப்பத்தாறு."