பந்திக்குப் பிந்து

காலையிலிருந்து பட்டினி கிடந்துவிட்டு வராதே.
எல்லோரும் செய்கிற தப்பு அது.
காய்ந்த வயிறு முதல் கால் மணி நேரத்தில்
கைக்கு எட்டியதையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு
கதவைச் சாத்திக்கொள்ளும்.
பதினொரு மணிக்கு ஒரு ரொட்டி, பாதி பப்பாளி.
அப்புறம் வா.

நான் அடெலார்.
போர்ட்டோ அலெக்ரெயில்
தெற்குக் காற்று ஜன்னல்களை உலுக்கும் தெருவில்
பத்தொன்பது வருஷமாக
வாள் நீளக் கம்பியில் இறைச்சி சுமக்கிறவன்.

நுழைந்ததும் ஒரு நீள மேசை கண்ணைப் பறிக்கும்.
பனங்குருத்து, பீட்ரூட், ஏழு வகைச் சீஸ்,
ஜப்பானியர் போலச் சுருட்டிய சோறுகூட.
அது முதலாளி வைத்த கண்ணி.
அங்கே நிரம்பிய தட்டைப் பார்த்தால்
கல்லாவில் அவர் மீசை சிரிக்கும்.
சீஸ் பன் கூடையில் சுடச்சுட வரும்.
ஒன்று.
ஒன்றே ஒன்று.

தொத்திறைச்சியை முதலில் அனுப்புவோம்,
பிறகு கோழி இதயங்கள்,
ஜெபமாலை போலக் கோத்து.
ருசிதான், பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் பந்திக்கு முந்தச் சொன்னவன்
எங்கள் கடைக்கு வந்ததில்லை.
நல்லது இங்கே பிந்தித்தான் வரும்:
பிக்கான்யா,
பிறையாய் வளைத்து, முதுகில் ஒரு விரல் கொழுப்போடு,
கல்லுப்பைத் தவிர வேறெதையும் அறியாமல்.
வெந்ததா, ரத்தம் கசிவதா?
கூச்சப்படாமல் சொல்.
கத்தி இறங்கும்போது
துண்டின் நுனியை இடுக்கியால் பிடி.
இழுக்காதே. பிடித்தால் போதும்.
மற்றது கத்தியின் வேலை.

குடிப்பதற்கும் இனிப்புக்கும் தனிக் காசு.
இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான் என்ன சாப்பிடுவேன் என்றா கேட்கிறாய்?
நாலு மணிக்கு, அடுப்பங்கரையில், நின்றபடி
சோறும் கறுப்புப் பீன்ஸும்.

முக்கியமானது அந்த அட்டை வட்டு.
பச்சை மேலே என்றால் வருவோம்.
சிவப்பு என்றால் வரமாட்டோம்.
முகம் பார்த்து நடக்கிற தொழில் இல்லை இது,
வட்டைப் பார்த்து நடக்கிறது.

அப்படித்தான் நினைத்திருந்தேன்,
போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை
மரில்தியும் நெல்சீரும்
பதினோராம் மேசையில் உட்காரும் வரை.
(பெயர்கள் காதில் விழுந்தவை. நான் கேட்கவில்லை.)
உப்புக் கிண்ணத்தை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் உறையில்
நோட்டரி முத்திரை குத்திய காகிதம்.
வீடு அவளுக்கு, லாரி அவனுக்கு,
நாய் யாருக்கு என்பதில் இன்னும் பேச்சு.

இருவருக்கும் நடுவே ஒரே வட்டு.
அவள் பச்சையாக்குவாள்.
கம்பியோடு நான் போய்ச் சேர்வதற்குள்
அவன் சிவப்பாக்கியிருப்பான்.
திரும்புவேன். முதுகுக்குப் பின்னால் பச்சை.
நாலு தடவை.
என் சப்பாத்து முழுக்கக் கொழுப்பு.
"என்ன, சிக்னல் கெட்டுப்போச்சா?" என்றான்
கரி தள்ளிக்கொண்டே திர்சேவு.

ஐந்தாம் தடவை பிக்கான்யாவோடு போனேன்.
வட்டு விளிம்பில் நின்றது,
உப்புக் கிண்ணத்தில் சாய்ந்து,
பச்சை அவள் பக்கம், சிவப்பு அவன் பக்கம்.
இதற்கு என்ன அர்த்தமென்று
யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.
நின்றேன்.
கம்பியின் நுனியைத் தட்டில் ஊன்றினேன்,
வேறென்ன செய்ய.
கத்தி பாதி இறங்கும்போது
ஒரே துண்டுக்கு
இரண்டு இடுக்கிகள்.

"இழுக்காதீர்கள்" என்றேன்,
எல்லோரிடமும் சொல்வது போல.
"பிடித்தால் போதும்."
யாரும் இழுக்கவில்லை.
யாரும் விடவும் இல்லை.

துண்டு எந்தத் தட்டில் விழுந்தது என்று கேட்காதே.
ஏழாம் மேசையில் பச்சை,
எட்டுப் பேர், பிறந்தநாள்,
ஓடினேன்.

ஆமாம், இன்னொன்று.
எல்லாம் முடிந்தது என்று நீ பெல்ட்டைத் தளர்த்தும் நேரத்தில்
பட்டைத்தூள் தடவிச் சுட்ட அன்னாசி வரும்.
அதற்குக் கொஞ்சம் இடம் வை.

அவர்கள் வைத்திருந்தார்கள்.