ரீல் ஏழு, ஒலி இல்லை

தாராவி பதிமூணாம் காம்பவுண்டில்
தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்திருந்தது
அந்தத் தகர டப்பா.
தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் மட்டும்
தப்பித்த படம்.

மீதியெல்லாம் கழுவியாச்சு என்றார் பிச்சைக்கனி.
காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறப்போட்டால்
அரைமணியில் கதாநாயகனும் கரைவான், அவன் குதிரையும் கரையும்.
அடியில் கறுப்பாய்ப் படிவதுதான் வெள்ளி.
கழுவின பிலிம் கண்ணாடியாட்டம் ஆயிரும்,
சட்டைக் காலருக்குள்ளே விறைப்புக்கு வைப்பாங்க.

ஒரு படத்துக்கு எவ்வளவு வெள்ளி தேறும்?
“ஒரு சோடிக் கொலுசுக்கு வரும். மெல்லிசுக் கொலுசு.”

அவர் குரலில் கூச்சமில்லை.
எனக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை.
எடைக்குப் போட்டவன் கம்பெனிக்காரன்தானே.
மெட்ராஸிலிருந்து வந்த பிரிண்ட்
மாட்டுங்காவில் ஒன்பது நாள் ஓடி,
திருப்பி அனுப்ப ரயில் கூலி இல்லாமல்
இங்கேயே நின்றுவிட்டது,
பல பேரைப் போல.

தார்டியோ, மூன்றாம் மாடி.
டப்பாவைத் திறந்ததும் காடி நெடி.
பக்கத்து மேஜை சுஷ்மா ஜன்னலைத் திறக்க ஓடினாள்.
முதல் எழுபது அடி அப்பளக்கட்டாய் ஒட்டிக்கிடந்தது.
மற்றதைப் பிரித்து, துடைத்து,
கிழிந்த பல்லுக்குப் பல் வைத்து ஒட்ட
பதினொரு வாரம்.
ஓரத்து ஒலிக்கோட்டைப் பூஞ்சை முழுக்கத் தின்றிருந்தது.
படத்தைவிட அதற்குப் பேச்சுத்தான் பிடித்திருக்கிறது.

கோர்ட் சீன்.
கூண்டில் ஒருத்தி, விரித்த கூந்தல்,
நாலு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறாள்.
வக்கீல் தலைகுனிகிறார். டவாலி மூக்கைச் சிந்துகிறான்.
என்னதான் சொன்னாளோ, நீதிபதி எழுந்தே நின்றுவிடுகிறார்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான்
சயான் கோலிவாடாவிலிருந்து ரெஜினா மோத்தாவை வரவழைத்தோம்.
பிறவியிலேயே காது கேளாதவர். உதடு படிப்பார்.
மணிக்கு எண்ணூறு, டாக்ஸி தனி.
மூன்று நாள் வெறும் தாளைத் திருப்பித் தந்தார்.
‘இது தமிழ் வாய் இல்லை’ என்று ஒரே ஒரு வரி.

நாலாம் நாள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
சுஷ்மா டீயைக் கொட்டிவிட்டாள்.
தாளில் எழுதிக்கொண்டே போனார்:
தேவீஸ், சோவீஸ், பஞ்ச்வீஸ்.
இருபத்துமூன்று, இருபத்துநாலு, இருபத்தைந்து.
அவர் படித்தது பரேலில், மராத்திப் பள்ளியில்.
கூண்டிலிருந்தவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான் போல.
தமிழ் தெரியாது. எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
நீதி கேட்ட குரல் வேறு யாருடையதோ,
பிறகு சேர்த்தது,
பூஞ்சைக்குப் போனது.

நாற்பத்தொன்றில் டவாலி அழுகிறான்.
ஐம்பத்தெட்டில் நீதிபதி எழுகிறார்.
அறுபத்துமூன்றில் அவள் நிறுத்துகிறாள்.

அங்கே வெட்டியிருக்க வேண்டும்.
யாரோ கத்தரிக்க மறந்த நாற்பத்தெட்டு பிரேம்,
இரண்டே நொடி.
அழுகை சட்டென்று வடிந்து,
கேமராவுக்கு முதுகு காட்டித் திரும்பி
யாரிடமோ ஏதோ கேட்கிறாள்.
தாடை அசைகிறது. தோடு ஆடுகிறது.
தண்ணீரா, வீட்டுக்கு எப்போது என்றா,
சரியாக எண்ணினேனா என்றா,
உதடு மட்டும் தெரியவில்லை.

அவள் பெயரும் தெரியவில்லை.
பெயர்கள் ரீல் ஒன்றில் வரும்.
ரீல் ஒன்று யாருடைய கழுத்தோரத்திலோ
வியர்வையில் வளைந்து முறிந்திருக்கும்.

படிவத்தில் ‘வசனம்’ என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஒன்று முதல் அறுபத்துமூன்று வரை.
அதன்பின் ஒரு வாக்கியம்.

மாதக் கடைசியில் ரெஜினாவின் பில் வந்தது.
அந்த இரண்டு நொடியை ஓட்டி ஓட்டிப் பார்த்த
சனிக்கிழமை முழுவதும் அதில் இல்லை.
படிக்க முடியாததுக்குக் காசு வாங்குவதில்லை என்று
அடியில் சின்ன எழுத்தில்.
டாக்ஸி மட்டும் சேர்த்திருந்தார்.