கிலோ எண்பது காசு

பள்ளி விடுமுறையோடு சேர்த்து
ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன்.
எங்கும் போகப் போவதில்லை.
காற்றாடியை மூன்றில் வைத்து
கால் நீட்டிப் படுத்துப் படிப்பதென்று
தைப்பூசம் கழிந்த நாளிலிருந்தே முடிவு.

ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும், எண் விழும்.
கொட்டிவிட்டு வரும், எண் விழும்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் நாள்.
அதனாலோ என்னவோ
ஹொக் செங்கின் பழைய பேப்பர் கொட்டகையில்
புத்தகத்தை நிறுத்து விற்பது
எனக்குக் கேவலமாகப் படவில்லை.

பாகாவ் டவுனில், டயர் கடையைத் தாண்டிப் போகணும்.
தகரக் கூரை.
மார்ச் வெயில் அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும்.
தமிழோ மலாயோ சீனமோ
அவருக்கு எல்லாம் தாள்.
"சத்து கிலோ, லாப்பான் புலு சென்."

நாத்தனார் கோமளவல்லி
காலையிலேயே பட்டியல் அனுப்பிவிட்டாள்.
சர்க்கரை நோய்க்கு உணவு,
பிள்ளையை மேதையாக்குவது,
நாற்பதுக்கு மேல் சேமிப்பு.
"படிச்சா ஏதாச்சும் பயன் இருக்கணும் அண்ணி."
பயனாம்!
வாரம் ஆறு நாள் டன் கணக்கில்
பயனைத்தானே நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரே விதி.
நின்றபடி முதல் பக்கம் படிப்பேன்.
கொசு கடிப்பது தெரிந்தால்
புத்தகம் குவியலுக்கே திரும்பும்.
தெரியாமல் போய், பிறகு
தடிப்பைப் பார்த்துச் சொறிந்தால்
அது என்னுடையது.

இப்படித்தான் கிடைத்தது அந்தத் துப்பறியும் நாவல்.
அட்டையில் நீலக் கார், துப்பாக்கி,
அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஓர் அருவி.
உள்ளே ஏதோ தோட்டத்து வாலிபர் மன்றத்தின்
அழிந்த முத்திரை.
பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பேனாவால், அழுத்தி:
'கொன்றது டாக்டர்தான்.'

எந்தப் பாவி!
தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.
ஒரு சமையல் குறிப்பு, ஒரு பயணக் கதை,
இரண்டிலும் கொசு சுள்ளென்று உறைத்தது.
குனிந்து காலைப் பார்த்தால்
முன்பே மூன்று தடிப்பு.
திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு நாவல் சேர்த்துக் கையில் ஏந்தியதுமே
தொள்ளாயிரத்து முப்பது என்றேன்.
தராசு தொள்ளாயிரத்து நாற்பது என்றது.
ஹொக் செங் சிரித்து
ஒரு கிலோவுக்கு ஈடுகட்ட
அட்டை கிழிந்த சிரிப்புத் துணுக்கு ஒன்றை மேலே வைத்தார்.
(அதில் சிரிப்பு வரவில்லை. அது வேறு கதை.)

திங்கட்கிழமை படுத்தவள்தான்.
டாக்டர் அறைக்குள் வரும்போதெல்லாம்
நான் எழுந்து உட்கார்ந்தேன்.
ஏழைக் குழந்தைக்குக் காசு வாங்காமல் ஊசி போட்டார்.
நடிப்பைப் பார், என்றேன்.
கோப்பியில் இரண்டு கரண்டி சீனி போட்டார்.
கொலைகாரனுக்கு இனிப்பு வேறு.
குணாளன் வாசலில் நின்று
"சோறு?" என்றார்.
"கொஞ்சம் இருங்க, டாக்டர் மாடிப்படி ஏறுறாரு."
பாவம், கடைக்குப் போய்
மூன்று பொட்டலம் மீ கோரெங் வாங்கி வந்தார்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
டாக்டர் செத்துப் போனார்.
முதுகில் கத்தி.

வாய்விட்டுச் சிரித்ததில்
மகள் யுவஸ்ரீ ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.
முகம் தெரியாத அந்தப் பாவி
ஒரே வரியில்
நாவலுக்குள் இன்னொரு நாவலை வைத்து
எத்தனை வருடமாய்க் காத்திருந்தானோ, இருந்தாளோ.

யார்தான் கொன்றது என்று கேட்காதீர்கள்.
சனிக்கிழமை எடைமேடைப் பேனாவை எடுத்து
பன்னிரண்டாம் பக்கத்தில்
அந்த வரிக்குக் கீழே எழுதினேன்:
'உண்மைதான். நானும் படித்துவிட்டேன்.'

கோமளவல்லிக்குக் கொடுக்கலாமா என்று
ஒரு நிமிடம் ஆசை வந்தது.
கொட்டகைக்கே கொண்டுபோனேன்.
வாங்கும் விலை வேறு, என்றார் ஹொக் செங்.
கிலோ இருபது காசு.