கட்டைவிரலுக்கு அடியில் ஜூன்

மூன்றாம் தளத்தில் இப்போது கலந்துரையாடல் கூடம்.
பீன் பேக்கில் புதைந்தபடி பிள்ளைகள்
சார்ஜருக்குத் துளை தேடுகிறார்கள்.
அலமாரிகள் நின்ற இடம் மட்டும்
தரையில் செவ்வகம் செவ்வகமாய்
தேயாத சிவப்பு.

நான் ஆய்விதழ்ப் பிரிவு.
சந்தா கட்டுவதுதான் வேலை என்று சேர்ந்தேன்,
நிறுத்துவது வேலையாகிவிட்டது.
நிறுத்திய மறுநாள் காலை
முப்பது வருடம் பணம் கட்டிய பக்கங்கள்
திரையில் சின்னப் பூட்டுப் படம்.
பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து
வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை:
காலி செய்தால்
நாம் அடித்த ஆணியும் ஓனருக்கே.

குறை சொல்லவில்லை.
ஒரு நகலுக்கு ஆறு வாரம் காத்திருந்தவர்களை
எனக்குத் தெரியும்.
இன்று டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்கிறது.

'பத்தாண்டுகளாக யாரும் எடுக்காதவை'
என்று ஒரு பட்டியல் வந்தது.
நின்றபடியே படித்துவிட்டுத்
தலைகீழாகச் செருகிப் போனவர்களை
அந்த மென்பொருள் எண்ணவில்லை.
எல்லாம் ஸ்கேன் ஆயிற்று என்றது ஒப்பந்தக் கம்பெனி.
நாலு டன். கிலோ பதினொரு ரூபாய்.
கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஏழாவது மாதம் அகர்தலாவிலிருந்து மின்னஞ்சல்.
'1961 மழை அட்டவணை கிடைத்தது, நன்றி.
பக்கம் 212இல் ஒரு கட்டைவிரல் இருக்கிறது.
ஜூன் அதற்கு அடியில் இருக்கிறது.
விரலை எடுத்துவிட்டு அனுப்ப முடியுமா?
ரெமா தேப்பர்மா.'

பெரிதாக்கிப் பார்த்தேன்.
மஞ்சள் ரப்பர் உறை, நகத்துக்கு மேல் கிழிசல்.
நாளுக்கு இரண்டாயிரம் பக்கம் புரட்டிய விரல்,
பக்கத்துக்குப் பன்னிரண்டு பைசா.
கோபித்துக்கொள்ள வரவில்லை.

வேறு மூன்று நூலகங்களுக்கு எழுதினேன்.
எங்களிடம் இருக்கிறதே என்று
அவர்களும் கழித்திருந்தார்கள்.
ஒருவர் மட்டும் அன்போடு ஒரு கோப்பு அனுப்பினார்.
அதே பக்கம்,
அதே விரல்.

சனிக்கிழமை அரை நாள் போட்டு
கலாசிபாளையத்துக்கு பஸ் ஏறினேன்.
நயாஸ் பாஷாவின் கிடங்கில் எங்கள் நாலு டன்னில்
கொஞ்சம் இன்னும் லாரி ஏறவில்லை.
காலிகோ அட்டை கூழாகாதாம்;
உரித்திருந்தார்கள்.
முதுகு போனதில் தலைப்பும் போயிற்று, ஆண்டும் போயிற்று.
மழை, மண் உப்பு, கரும்புச் செவ்வழுகல்
எல்லாம் ஒரே கட்டில்.
"எந்த புக்கு ஸார்?" என்றார்.
நீலத்தில் எங்கள் முத்திரை விழுந்த பக்கங்களாகப்
பொறுக்கிக்கொண்டே போனேன்.
மூக்கு ஒழுகியது.
மதியச் சாப்பாட்டு டப்பா பையிலேயே புளித்தது.

கிடைத்தது. ஒண்ணே முக்கால் கிலோ.
விற்கும் விலை கிலோ பதினெட்டு;
முப்பத்தொண்ணரையில் ஐம்பது பைசாவை
அவராகவே விட்டுக்கொடுத்தார்.
இதற்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது என்று
இன்னும் தெரியவில்லை.

ஜூன்: நானூற்று நாற்பத்தேழு மில்லிமீட்டர்.
அவ்வளவு தண்ணீரும்
ஒரு விரலுக்கு அடியில் நின்றிருக்கிறது.

தராசுத் தட்டிலேயே வைத்து செல்போனில் எடுத்தேன்.
முதுகில்லாத தொகுதி விரித்தால் நிற்காது,
அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.
படத்தின் ஓரம், வெற்று மார்ஜினில்,
அழுக்கு நகத்தோடு என் விரலும் விழுந்துவிட்டது.
வெட்டாமல் அனுப்பினேன்.

கழித்த எண்ணைத் திரும்பச் சேர்க்க
எங்களிடம் படிவம் இல்லை.
அட்டவணையில் தேடினால் 'இல்லை' என்றே வரும்.
அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்
ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நேற்று பதில் வந்தது.
'ஜூன் தெரிகிறது. மிக்க நன்றி.
1962 இருக்கிறதா?'

நயாஸ் பாஷாவுக்கு போன் போட்டேன்.
"லாரி திங்கட்கிழமை" என்றார்.