வலமிருந்து

ஷுவைக்கில், டயர்க் கடைகளுக்குப் பின்னால்,
அந்த அச்சகத்தில் ஏழு வருடம்
எனக்கு ஒரே வேலை:
பெல்ஜியத்திலிருந்து வரும் ஃபிலிமைத்
திருப்பிப் போடுவது.

அரபி வலமிருந்து ஓடும்.
படம் இடமிருந்து ஓடும்.
இரண்டும் முட்டிக்கொள்ளாமலிருக்க
கதையை முழுசாகக் கண்ணாடிக்குள் அனுப்ப வேண்டும்.
பக்கத்துக்கு நான்கு ஃபிலிம், நாற்பத்தாறு பக்கம்.
சிவகாசியில் காலண்டர் சாமிகளுக்கு
ரிஜிஸ்டர் பார்த்த கண்
இங்கே துப்பறிபவனின் உதட்டைவிட்டுச்
சிவப்பு நழுவாமல் காவல் காத்தது.

திருப்பினால் என்னென்ன ஆகும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
ஒன்பது மணி ரயிலை
மூன்று மணிக்குப் பிடிப்பான்.
வில்லனின் தழும்பு கன்னம் மாறும்.
கார்களுக்கெல்லாம் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிடும்,
பிரஸ்ஸல்ஸ் தெருவில் அத்தனை பேரும்
சாத்தூர் ரோட்டில் போவதுபோல் போவார்கள்.
இதை மட்டும் நான் யாரிடமும் காட்டவில்லை.

பலூன்களுக்குள் எழுதுபவர் இத்ரீஸ், ஒம்டுர்மான்காரர்.
பிரெஞ்சு ஐந்து வரி அடைத்த இடத்தில்
அவர் அரபி மூன்று வரியில் காலை நீட்டிப் படுக்கும்.
மிச்ச வெள்ளையைக் காட்டி,
தமிழ் என்றால்? என்பார்.
தமிழ் என்றால் பலூன் வெடிக்கும் என்பேன்.

ஒருநாள் விருந்துக் காட்சி.
கதாநாயகன் பீச்சாங்கையால்
ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கிறான்.
லைட் டேபிளின் இரண்டு பக்கமும் நின்று
ஒரே நேரத்தில் முகம் சுளித்தோம்.
அவர் பிளேடை எடுத்தார், நான் டேப்பை.
அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி
மறுபடி திருப்பி ஒட்டினோம்.
அதில் மட்டும் அவன் மேசைக்கு
எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்திருப்பான்.
ஒரு குழந்தைகூடக் கேட்டு எழுதவில்லை.

தொண்ணூறு ஜூலைக் கடைசி இதழில்
மலைச்சரிவில் கயிற்றில் தொங்கினான்.
கயிற்றில் இரண்டு இழை மிச்சம்.
மூலையில் இத்ரீஸின் கையெழுத்து: யுத்பஃ.
தொடரும்.
அடுத்த வாரப் பக்கங்கள் லைட் டேபிளில் கிடந்தன.
வியாழன் விடிகாலை டாங்கிகள் வந்தன.

தப்பித்தது எப்படி என்று
அந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.
ஒருவர் பஸ்ரா பக்கம் ஏதோ லாரியில் ஏறினார்.
இன்னொருவன் ஜோர்டான் எல்லையில்
ருவைஷித் முகாமில்
தண்ணீர் வண்டிக்கு கேனோடு நின்றான்.

எனக்கு முன்னால் ஒரு எகிப்தியப் பையன்,
ஃபர்வானியாவில் வளர்ந்தவன், ஷெரீஃப்.
என் சட்டைப் பையில் அச்சகத்தின் பெயர் தைத்திருந்தது.
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டான்:
கயிறு அறுந்ததா?

என் அரபி மார்க்கெட்டுக்குப் போதும்,
மலையிறங்கப் போதாது.
குச்சியால் மணலில் ஆறு கட்டம் கிழித்தேன்.
தொங்குகிறான். ஊசலாடுகிறான்.
பாறை இடுக்கில் கால் வைக்கிறான்.
இறங்குகிறான். ஆற்றில் நீந்துகிறான்.
கரையில் நின்று சட்டையைப் பிழிகிறான்.

பையன் குந்தி உட்கார்ந்து
வலது கோடியில் விரலை வைத்தான்.
சட்டை.
ஆறு.
பாறை மேலே, இன்னும் மேலே,
கடைசியில் அந்தரத்தில்
இரண்டு இழைக் கயிறு.

நிமிர்ந்து பார்த்தான்.
கரையில் நன்றாகத்தானே இருந்தான்,
எதற்கு அங்கே போனான்?

ஏழு வருடத்தில் அன்றுதான்
திருப்பிப் போட மறந்திருந்தேன்.
சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.
ஆறு கட்டத்தின் மேலும் நடந்து
வரிசை நகர்ந்தது.

பதினாலு மாதம் கழித்து, பம்பாயில்,
குவைத் விசா குத்திய பாஸ்போர்ட்டைக்
கையில் தந்தார்கள்.
ஊதி ஊதிப் பார்த்தும் மை காயவில்லை.
கூட வந்தவர்கள் போட்டோவைச் சரிபார்த்தார்கள்.
நான் அரபி வரியை
வலது ஓரத்திலிருந்து
விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.