சீட்டுக்காரியின் கால்

கத்தரி ஒன்று, கிடுக்கி இரண்டு.
உள்ளே போகையில் குசுமலதா எண்ணிக் கையெழுத்து வாங்குவாள்,
வெளியே வருகையில் மறுபடி எண்ணுவாள்.
பஞ்சை எண்ணுவதில்லை.
பஞ்சில் ஊறி வருவதையும்.

மார்கழி முழுக்கப் பதுளையில் மழை.
பெண்கள் பகுதிச் சுவரில்
உள்ளங்கையை வைத்தால் நனைந்துவிடும்.
இன்னாசியம்மா வாங்கில் காலை நீட்டியிருந்தாள்.
வலது கால், மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே
ஐந்து ரூபாய்க் குற்றி அளவு குழி.

மேக்கணக்கிலும் நடுக்கணக்கிலுமாக
ஐம்பத்திரண்டு பேரிடம் சீட்டுப் பிடித்தவள்.
சம்பளத்தன்று பின்னேரம்
இடுப்புப் படங்கைக்கூடக் கழற்றாமல்
வரிசையில் நின்று கொடுத்தார்கள்.
என் அக்கா முப்பத்தேழாம் பேர்.
கடைசி நாலு தவணைக்குத் தோடு அடகுக்குப் போனது.
துளை தூர்ந்துவிடாமல்
இன்றைக்கும் ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள்.

இன்னாசியம்மாவுக்கு என்னைத் தெரியாது.
ஊரில் எனக்கு வேறு பேர்.
இங்கே எல்லாருக்கும் மிஸ்ஸி.

முதல் வாரம்
பழைய கட்டைச் சட்டென்று உரித்தேன்.
உப்புநீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால்
தானாகக் கழன்றிருக்கும்.
பொறுக்கவில்லை.
சதையும் கொஞ்சம் கூடவே வந்தது.
அவள் முகம் சுளிக்கவில்லை,
சன்னல் பக்கம் பார்த்து
"மழை விட்டிருச்சா மிஸ்ஸி?" என்றாள்.

சீனி வருத்தம் தின்ற கால்.
ஊசியால் குத்தினாலும் தெரியாது.
இத்தனை வருடம் நான் வளர்த்த கோபம்
போய்ச் சேர்ந்த இடம்
மரத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் உப்புநீரைச் சூடாக்கினேன்.
மன்னித்துவிட்டேன் என்று
யாரும் எழுதிவிட வேண்டாம்.
அந்தக் காலுக்காக வலிக்க
யாராவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ரப்பர் செருப்பு ஒரு சோடி கேட்டு
அலுவலகத்துக்கு நான்கு கடிதம்.
'செருப்பு மருந்தா?' என்று
சிவப்பு மையில் திரும்பி வந்தது.
'மருந்துதான்' என்று கீழே எழுதி
ஐந்தாவது முறை அனுப்பினேன்.
வந்ததில் இரண்டும் இடது கால்.
ஒன்றின் வாரை அறுத்துத் தைத்துக் கொடுத்தவள்
கசிப்பு வழக்கில் வந்த பதினெட்டு வயதுக்காரி.
அதற்கும் ஊசியை எண்ணித்தான் கொடுத்தார்கள்.

"காலை எடுத்திருவாங்களா மிஸ்ஸி?"
"விரலோட நிப்பாட்டப் பார்க்கிறேன்.
ஈரத்துல வெறுங்காலா நடக்காதீங்க."

கட்டும்போதெல்லாம் எதையோ முணுமுணுப்பாள்.
ஜெபம் என்றிருந்தேன்.
ஒரு நாள் காது கொடுத்தேன்: பேர்கள்.
"அந்தோனியம்மா, பதினாறாயிரம்.
சடைச்சி, ஒன்பது.
நொண்டிக் காத்தான் பொஞ்சாதி, பதினொண்ணு..."
கொப்பியைப் பொலிஸ் எடுத்துப்போன பிறகு
மறந்துவிடுமோ என்று
தினமும் ஒரு தரம் சொல்லிக்கொள்கிறாளாம்.
ஏஜென்சிக்காரன் அள்ளிக்கொண்டு ஓடினான் என்பாள்.
உண்மையாயிருக்கலாம். பொய்யாயும் இருக்கலாம்.
"கோமளேஸ்வரி, இருபத்திநாலு" என்றபோது
கட்டுத்துணி ஒரு சுற்று வழுகியது.
அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

ஞாயிறு இரவு அக்கா பேசினாள்.
பசறைப் பக்கம் மழைக்குக் கோடு விட்டுவிட்டு வந்தது.
"இருக்காளா?"
"இருக்கா."
"அனுபவிக்கட்டும்."
பேச்சில்லை. தகரத்தில் மழை.
பிறகு, "காலு ஆறுதா?"
"கொஞ்சம் கொஞ்சமா."
"சீனி எவ்வளவாம்?"
சொல்லக்கூடாதுதான். சொன்னேன்.
முந்நூற்றுப் பத்து.

"எனக்கு அதைவிடக் கூட" என்றாள் அக்கா,
எதிலோ
ஜெயித்துவிட்டவள் போல.