நிமிர்ந்தே நிற்கும் கம்பு

புளியரை எடைமேடைக்கு
இந்த மாசம் இது ஏழாவது தடவை.
"தூறல் விழுந்தா நெட்டு போயிருதும்மா.
லாரி பாரம் ஏறி நிக்கி, ஈ-வே பில் இறங்கல."
வழக்கம்போலப் போனில் சொன்னேன்:
அணைச்சு, முப்பது எண்ணி, போடுங்க அண்ணாச்சி.
எண்ணினாராம். வந்ததாம்.
மூன்று நிமிடத்தில் மறுபடி போனதாம்.

வண்டியை எடுத்தேன்.
எஸ் வளைவுக்குக் கீழே
வணிகவரிச் சாவடியை மூடிப் பல வருஷம்.
கம்பை மட்டும் யாரும் கழற்றவில்லை;
சிவப்பு வெளுத்து, வெள்ளை கறுத்து
வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது.
பாவூர்ச்சத்திரத்துத் தக்காளி, சுரண்டைக் கத்தரி,
என்னவோ ஏற்றித் தார்ப்பாய் கட்டியவை
எல்லாம் அதன் கீழே கொல்லம் பக்கம் போகின்றன.
கேரளா என்னை அன்புடன் வரவேற்பதாக
என் போன் மட்டும் துடிக்கிறது,
நான் இன்னும் இந்தப் பக்கம்தான் என்றாலும்.

மைதீன் பிச்சை அண்ணாச்சியின் அறையில்
ஸ்டெபிலைசர் மேல் ரவுட்டர்,
ரவுட்டர் மேல் ரசீதுக் கட்டு.
தொட்டால் தோசைக்கல்.
காற்றுக்கு விட்ட துளை வழியே
பல்லி போய் இரண்டு முட்டை இட்டிருக்கிறது.
இதைவிடக் கதகதப்பான இடம்
இந்த மலையடியில் அதற்குக் கிடைக்காது.

முட்டைகளைத் தீப்பெட்டிக்கு மாற்றினேன்.
வயிறு உப்பிய கண்டென்சரையும் மாற்றினேன்.
அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

ஏனோ உள்ளே போய்ப் பார்த்தேன்.
பெயர்: அட்மின். சாவி: அட்மின்.
திறந்துகொண்டது,
யார் நீ என்றுகூடக் கேட்காமல்.

பெயரைச் சொன்னால் வழி சொல்லும் வேலையை
யாரோ கைப்பற்றியிருக்கிறார்கள்.
பாங்கு எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்கும்;
அசப்பில் பாங்கு மாதிரியே
வேறொரு வாசலைக் காட்டும்.
(ஜூனில் அண்ணாச்சிக்குப் பதினெட்டாயிரம் போனது.
மருமகனைச் சந்தேகப்பட்டு
பெருநாளுக்கும் அவனிடம் பேசவில்லை.)

அப்புறம் ராத்திரிக் கணக்கு.
ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை
கொட்டிக் கொட்டி அனுப்பியிருக்கிறது.
அந்நேரம் இங்கே விழித்திருப்பது
காவல் நாயும் இந்தப் பச்சை விளக்கும்தான்.
யாருடைய ஏவலிலோ, எந்த ஊரிலோ,
ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ,
ஒரு கதவை உடையும்வரை தட்டியிருக்கிறது
புளியரைப் பெட்டி.
விடிந்ததும் களைத்து விழும்.
பழி மழைக்கு.

செய்த கம்பெனியில் தேடினேன்.
இந்த மாடலுக்கு ஓட்டை அடைத்து
ஆறு வருஷம் ஆகிறது.
இனி இல்லை என்று ஒரு வரி.

பெட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் மார்க்கர் பேனாவில் மாட்டிய தேதி,
பக்கத்தில் செ.தா.
செண்பகத்தாய். நான்தான்.

ஒரே லாட்டில் வாங்கிய இருநூற்றுப் பதினாலு.
கற்குடி, பகவதிபுரம், தெற்குமேடு,
ஒரு கோடை முழுக்க ஏணி சுமந்து மாட்டினேன்.
வாசல்வாசலாகச் சாவி கேட்டு நிற்க முடியாதென்று
எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியை விட்டுவைத்தேன்.
என் வசதிக்கு.
என் ஒருத்தி வசதிக்கு என்றுதான் நினைத்தேன்.

வெளியிலிருந்து திறக்கும் வழியை அடைத்தேன்.
பதினாறு எழுத்தில் புதுச் சாவி போட்டு
ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
அடுத்த வாரம் வேறு பெட்டி தாறேன்.
அதுக்கு முன்னாடி
மருமகனுக்கு ஒரு போன் போடுங்க அண்ணாச்சி.
அவர் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இத யாருட்டயும் சொல்லாதீங்க."
"நான் ஏன் சொல்லுதேன்."

வண்டியை உதைக்கிறேன். மறுபடி தூறல்.
மேடையில் ஏறிய மலப்புறத்து லாரியிலிருந்து
போன் பிடித்த ஒரு கை நீண்டு
என்னவோ கேட்கிறது.
எடைமேடை மைக் கரகரக்கிறது,
மலைக்கும் கேட்கிற மாதிரி:
"எழுதிக்கோ சேட்டா.
மொதல்ல பெரிய கே.
அப்புறம் ரெண்டு சைபர்..."